விழா அமைப்போரும் காலத்தின் போக்கும்

விழா எடுப்பது நம் நாட்டில் புதிய தொழிலன்று. கோயில் திருவிழாவுக்குப் பந்தற்கால் நாட்டியவரும், தேர்வடம் பிடிக்க ஊர்களுக்கு முறை வகுத்தவரும், திருமண வீட்டில் சமையற்கட்டையும் பந்தி வரிசையையும் தம் கண்பார்வையிலேயே வைத்திருந்த பெரியவரும் இத்தொழிலைச் செய்தவர்களே. இன்று அதற்கு நிகழ்ச்சி மேலாண்மை என்று பெயர் சூட்டிக் கல்லூரிகளில் பாடமாகவும் கற்பிக்கிறார்கள். பெயர் மாறினாலும் தொழிலின் முதற் கேள்வி மாறவில்லை. காலத்துக்குக் காலம் புதிய கருவிகளும் புதிய விருப்பங்களும் வந்து நிற்கின்றன. அவற்றுள் எதை ஏற்பது, எதை விடுப்பது என்பதே அக்கேள்வி.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழரான நமக்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வியன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் நம் சங்கங்கள் பொங்கல் விழா நடத்துகின்றன. இசை விழாவும் நாடக விழாவும் நடத்துகின்றன. அலுவலகத்திலிருந்து மாலையில் திரும்பும் குமாஸ்தாவும் ஆசிரியரும் அவ்வமயம் விழா அமைப்பாளராக மாறுகின்றனர். ஆகவே, கடந்த ஒன்றரை நூற்றாண்டில் இந்நாட்டில் பெருங்கூட்டங்களை அமைத்தவர்கள் காலத்தின் போக்கை எவ்வாறு கண்டுணர்ந்தனர், எங்கே காணத் தவறினர் என்பதைச் சற்றே நோக்குவோம்.

முதலில் 1877ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளை எடுத்துக்கொள்வோம். விக்டோரியா அரசியார் இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிப்பதற்காக, இராஜப்பிரதிநிதி லிட்டன் பிரபு தில்லி நகருக்கு வெளியே ஒரு தர்பார் கூட்டினார். சமஸ்தானாதிபதிகள் நாட்டின் நாற்றிசையிலிருந்தும் வரவழைக்கப்பட்டனர். அந்நாளில் இங்கிலாந்தில் ஐரோப்பிய இடைக்காலத்தின் மீது ஒரு மோகம் நிலவியது. அந்த மோகத்தை லிட்டன் பிரபு அப்படியே தில்லித் திடலில் கொண்டுவந்து இறக்கினார். நம் மன்னர்கள் ஒவ்வொருவருக்கும் ஐரோப்பியப் பிரபுக்களின் முறையில் குலச்சின்னம் வரையப்பட்டு, அது பொறித்த பட்டுக்கொடி வழங்கப்பட்டது. கனமான பித்தளைக் கம்பங்களில் அவை ஏற்றப்பட்டிருந்தமையால் தூக்கிச் செல்வதே பெரும்பாடாயிற்று. அரசியாரின் புதிய பட்டத்தை இந்நாட்டு மொழியில் எவ்வாறு வழங்குவது என்பதும் ஆராயப்பட்டது. லாகூரில் இருந்த லைட்னர் என்னும் அறிஞர் கூறிய 'கைசர்-இ-ஹிந்த்' என்ற தொடர் ஏற்கப்பட்டது. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர் இச்செய்தியைப் படிக்கையில் புன்னகை செய்யக்கூடும். பேரரசும் ஒரு சொல்லுக்காகத் தடுமாறி நின்றிருக்கிறது.

அதே மாதத்தில் தென்னாட்டின் நிலை என்ன? நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று அஞ்சி அஞ்சிப் பேசிய கொடும் பஞ்சம் அப்போதுதான் சென்னை மாகாணத்தைப் பற்றி எரித்துக்கொண்டிருந்தது. 1876இல் பருவமழை பொய்த்தது. அடுத்த இரண்டாண்டுகளில் தென்னாட்டிலும் தக்காணத்திலும் பசியாலும் நோயாலும் மாண்டவர்கள் பல இலட்சம் பேர். பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்கவேண்டிய சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனும் தில்லிக்குச் செல்ல வேண்டியவரானார். கொடியின் பட்டையும் சின்னத்தின் வண்ணத்தையும் அத்தனை நுணுக்கமாக எண்ணிப் பார்த்த அமைப்பாளர்கள், விழாவுக்கு அது தகுந்த காலந்தானா என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. காலத்தின் போக்கு என்பது லண்டனில் வழங்கும் அலங்காரம் என்று அவர்கள் கொண்டனர். தென்னாட்டில் வறண்டு கிடந்த ஏரியும் காலத்தின் போக்கே என்பதை அவர்கள் காணவில்லை.

அத்தர்பாருக்குப் புனா சார்வஜனிக சபையின் சார்பில் கணேச வாசுதேவ ஜோஷி என்பவர் வந்திருந்தார். பட்டும் பொன்னும் பளபளத்த அவ்விடத்தில் அவர் கையால் நூற்று நெய்த எளிய ஆடையை அணிந்து நின்றார் என்று வரலாறு கூறுகிறது. பின்னால் வரப்போகும் ஒரு பெரும் போக்கின் முதற் குறி அவ்வாடையில் இருந்தது.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1903ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில், கர்சான் பிரபு இரண்டாவது தர்பாரைக் கூட்டினார். ஏழாம் எட்வர்டு மன்னர் முடிசூடியதைக் கொண்டாடும் விழா அது. கர்சான் பிரபுவின் அரசியலை நாம் போற்றவேண்டியதில்லை. ஆயினும் விழா அமைப்பில் அவர் காட்டிய கவனத்தை மறுப்பதற்கில்லை. கூடாரங்களாலேயே ஒரு நகரம் எழுந்தது. பார்வையாளரை ஏற்றிச் செல்லத் தற்காலிகமாக ஒரு சிறு இருப்புப்பாதை போடப்பட்டது. மின்விளக்குகள் ஒளிர்ந்தன. இவையெல்லாம் அந்நாளின் புதுமைகள். ஆனால் அரங்கின் தோற்றத்தை அவர் லண்டனிலிருந்து பெறவில்லை. மொகலாயர் கட்டடப் பாணியைத் தழுவி அமைக்கச் செய்தார். உடன் நடந்த கைவினைக் கண்காட்சியில் ஐரோப்பியப் பொருள்களைப் பார்த்துச் செய்த போலிகளுக்கு இடமில்லை என்று விதித்தார். வழிபாட்டில் பாடவிருந்த ஒரு கிறித்தவப் பாடலில் அரியணைகளும் அழியும் என்ற பொருள் வருவதைக் கண்டு அதனை நீக்கச் சொன்னார் என்பதும் பிரசித்தமான செய்தி. விழாவில் ஒலிக்கும் ஒவ்வொரு சொல்லையும் முன்கூட்டியே படித்துப் பார்க்கும் பழக்கம் அமைப்பாளருக்கு வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

மூன்றாவது தர்பார் 1911ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் நடந்தது. இம்முறை மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் நேரிலேயே வந்தார். கல்கத்தாவிலிருந்து தலைநகரைத் தில்லிக்கு மாற்றும் செய்தியும் வங்கப் பிரிவினையை நீக்கும் செய்தியும் அவ்வரங்கில் வெளியாகும் வரை இரகசியமாகவே காக்கப்பட்டன. பல்லாயிரவர் வேலை செய்யும் ஒரு விழாவில் இவ்வளவு பெரிய செய்தியைக் காத்தது எளிய செயலன்று. வண்ணத் திரைப்படமெடுக்கும் புதுக்கருவியும் அங்கு வந்தது. அப்படம் 1912இல் லண்டனில் காட்டப்பட்டுப் பெருங்கூட்டத்தை ஈர்த்தது.

ஆயினும் ஒரு பிழை நேர்ந்தது. டிசம்பர் 7ஆம் நாள் நகருக்குள் நுழைந்தபோது மன்னர் யானைமீது வராமல், படைத்தலைவர் உடையில் குதிரைமீது வந்தார். உடன் வந்த அதிகாரிகளும் அவ்வாறே உடுத்திருந்தனர். வீதியில் காத்திருந்த மக்களில் பலருக்கு எவர் மன்னர் என்றே விளங்கவில்லை. அவர் கடந்து சென்ற பின்னும் அவரை எதிர்நோக்கி நின்றோர் பலர். ஆங்கிலேயர் கண்ணுக்குக் குதிரையே புதுப்பாங்கும் மிடுக்கும் ஆயிற்று; தில்லி மக்களோ யானையின் அம்பாரியில் அரசனைத் தேடினர். தர்பாருக்கு மறுநாள் மன்னரும் அரசியாரும் செங்கோட்டையின் மாடத்தில் வந்து அமர்ந்து, மொகலாயப் பாதுஷாக்களைப்போல் மக்களுக்குக் காட்சி தந்தனர். கீழே திரண்டிருந்த மக்களுக்கு அப்போது ஐயம் எழவில்லை. பார்ப்பவர் எதைக் கொண்டு அறிந்துகொள்வார் என்று எண்ணாமல் செய்த புதுமை வீதியில் தோற்றது. அவர்கள் அறிந்த முறையில் செய்த காட்சி மாடத்தில் வென்றது.

இனி, மக்களே கூட்டிய கூட்டங்களுக்கு வருவோம். இந்திய தேசிய காங்கிரஸின் முதற் கூட்டம் 1885 டிசம்பரில் புனாவில் நடைபெறுவதாக இருந்தது. அங்கே காலரா பரவியதனால் கடைசி நேரத்தில் பம்பாய்க்கு மாற்றினர். கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் 72 பிரதிநிதிகள் கூடினர். முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நம் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஊர் மாறியபோதும் கூட்டம் சிறப்பாகவே நடந்தது. மாற்று ஏற்பாடு இல்லாத திட்டம் திட்டமாகாது என்பதை விழாக் குழுவினர் இதிலிருந்து அறியலாம்.

1887இல் மூன்றாவது கூட்டம் சென்னையில் நடந்தது. பத்ருத்தீன் தியாப்ஜி தலைமை வகித்தார்; ராஜா சர் டி. மாதவராவ் வரவேற்புக் குழுவுக்குத் தலைவர். மக்கீஸ் கார்டன் என்ற தோட்டத்தில் பெரும்பந்தல் எழுந்தது. 600க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் வந்தனர். பெருந்தனவந்தர் சிலரிடம் மட்டும் கையேந்தாமல், எளியோரிடமும் சிறு தொகைகளாகப் பணம் திரட்டினர். காங்கிரஸ் என்றால் என்ன என்பதை வினாவிடையாகத் தமிழில் எழுதி மக்களிடையே பரப்பினர். பந்தல் கட்டுவதற்கு முன்னே பந்தலுக்கு வருவோரைத் தயார் செய்தனர் என்றே கூறவேண்டும்.

1901ஆம் ஆண்டு கல்கத்தாக் கூட்டம் மற்றொரு பாடம். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியடிகள் அங்கே கண்டவற்றைத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். தொண்டர் ஒருவரிடம் ஒரு வேலையைச் சொன்னால் அவர் அதை இன்னொருவரிடம் தள்ளுவார், அவர் மூன்றாமவரிடம் தள்ளுவார். முடிவில் வேலை நடவாது. கழிப்பிடங்கள் நாறிக் கிடந்தன. காந்தியடிகள் துடைப்பம் கேட்டு வாங்கித் தாமே ஒன்றைச் சுத்தம் செய்தார். இவற்றோடு நம்மை நாணச் செய்யும் ஒரு செய்தியும் அந்நூலில் உள்ளது. தமிழ்ப் பிரதிநிதிகளுக்கென்று தனிச் சமையலறை ஒன்று தூரத்தே அமைக்கப்பட்டிருந்தது. தாம் உண்ணும்போது பிறர் பார்வை பட்டாலும் தீட்டு என்று அவர்கள் கருதியமையால், கல்லூரி வளாகத்தில் தட்டிகளால் நாற்புறமும் மறைப்புக் கட்டவேண்டியதாயிற்று. நாட்டின் ஒற்றுமையைப் பேச வந்தவர்கள் தட்டிக்குள் மறைந்து உண்டனர். மேடை எவ்வளவு புதிதாக இருப்பினும், பந்தி பழையதாயிருந்தால் அவ்விழா காலத்துக்குப் பின்தங்கியதே.

1924 டிசம்பரில் பெல்காமில் கூடிய காங்கிரஸுக்குக் காந்தியடிகளே தலைமை வகித்தார். அவர் தலைமை தாங்கிய ஒரே காங்கிரஸ் அதுதான். கூட்டத்தின் தண்ணீர்த் தேவைக்காக அங்கே ஒரு கிணறு வெட்டினர். கூடாரங்கள் மறைந்தன, தோரணங்கள் வாடின. அக்கிணறு மட்டும் காங்கிரஸ் கிணறு என்ற பெயரோடு அந்நகரில் இன்றும் நிற்கிறது. விழா முடிந்தபின் ஊருக்கு எஞ்சுவது என்ன என்று ஒவ்வொரு விழாக் குழுவும் கேட்டுக்கொள்ளத்தக்க கேள்வியை அது கேட்டு நிற்கிறது.

1936 டிசம்பரில், ஜவாஹர்லால் நேருவின் தலைமையில், முதன்முறையாக ஒரு கிராமத்தில் காங்கிரஸ் கூடியது. கான்தேசத்துப் பைஸ்பூர் அக்கிராமம். மூங்கிலும் வைக்கோலும் அவ்வட்டாரத்தில் கிடைத்த பிற பொருள்களும் கொண்டே சாந்திநிகேதனத்து ஓவியர் நந்தலால் போஸ் பந்தல்களை அழகுபடுத்தினார். 1938 பிப்ரவரியில், குஜராத்தின் ஹரிபுராவில், சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் கூடிய காங்கிரஸுக்காக அவர் வரைந்த படங்கள் புகழ்பெற்றவை. உழவர், தச்சர், பாட்டுக்காரர், தாய்மார் ஆகியோரே அப்படங்களின் நாயகர்கள். வழிப்போக்கர் நின்று பார்க்கும்படி அவை திறந்தவெளியில் வைக்கப்பட்டன. அவற்றுள் பலவற்றைப் புதுதில்லி தேசிய நவீனக் கலைக் காட்சியகம் போற்றிக் காத்துவருகிறது. தில்லியில் வாழும் தமிழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று காணலாம்.

இவ்வாறு கிராமத்துக்குத் திரும்பியவர்கள் புதுக்கருவிகளை வெறுத்து ஒதுக்கினாரில்லை. 1930களில் ஒலிபெருக்கி அரசியல் கூட்டங்களின் இயல்பையே மாற்றிற்று. அதற்குமுன் உரத்த குரல் படைத்தவரே பெருங்கூட்டத்தில் பேசலாம். முன்வரிசையினரே முழுவதும் கேட்கலாம். ஒலிபெருக்கி வந்தபின் மெலிந்த குரலும் கடைசி வரிசையை எட்டியது. மூங்கிற் பந்தலும் மின்சார ஒலிபெருக்கியும் ஒரே திடலில் பொருந்தி நின்றன. தேவை எது என்று தெரிந்தவர் கையில் பழமையும் புதுமையும் சண்டையிடுவதில்லை.

நாடு குடியரசானதும் அமைப்பாளரின் பொறுப்புப் பெருகியது. 1950 ஜனவரி 26ஆம் நாள் முதல் குடியரசு தின அணிவகுப்பு இர்வின் அரங்கில் நடந்தது. இந்தோனீசியத் தலைவர் சுகர்ணோ விருந்தினராக வந்தார். அடுத்த சில ஆண்டுகள் இடம் மாறி மாறி நடந்து, 1955 முதல் இராஜபாதையில் நிலைபெற்றது. 2022இல் அப்பாதைக்குக் கர்த்தவ்ய பாதை என்று பெயர் மாற்றினர். பேரரசு தன் மிடுக்கைக் காட்டுவதற்காக அமைத்த பெருவீதியில், மாநிலங்களின் ஊர்திகளும் கிராமிய நடனங்களும் வரத் தொடங்கின. வீதி பழையது; அதில் நடந்தவர்கள் புதியவர்கள்.

1951 மார்ச்சில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் புதுதில்லியில் நடந்தன. 11 நாடுகள் பங்கு கொண்டன. 1982இல் ஆசிய விளையாட்டு மீண்டும் தில்லிக்கு வந்தபோது, நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி அவ்வாண்டுதான் தொடங்கியிருந்தது. அன்றுமுதல் விழா அமைப்போர்க்கு இரண்டு அவைகள் ஏற்பட்டன. ஒன்று அரங்கில் அமர்ந்திருப்பது; மற்றொன்று வீட்டுக் கூடத்தில் பெட்டியின் முன் அமர்ந்திருப்பது. 2022 ஜனவரி 29ஆம் நாள், படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியின்போது, தில்லி வானில் சுமார் 1000 டிரோன்கள் ஒளிக்கோலம் இட்டன. கண்ணுக்கு இனிய காட்சி அது. ஆயினும் திரையில் காண்போர்க்கென்றே விழாவை அமைத்து, நேரில் வந்தவருக்கு நிழலும் நீரும் இல்லாமற் செய்வது இக்காலத்தில் பலரும் விழும் குழியாகும்.

இதுகாறும் அழகையும் மிடுக்கையும் பேசினோம். உயிரைப் பற்றியும் பேசவேண்டும். 1954 பிப்ரவரி 3ஆம் நாள், மௌனி அமாவாசையன்று, பிரயாகைக் கும்பமேளாவில் ஏற்பட்ட நெரிசலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். விசாரணைக் குழு அமைந்தது. கூட்டத்தை வழிப்படுத்தும் முறைகள் ஆராயப்பட்டன. அவ்வளவுக்குப் பிறகும், 2025 ஜனவரி 29ஆம் நாள், அதே மௌனி அமாவாசையில், அதே ஊரில் மீண்டும் நெரிசல் நேர்ந்து உயிர்கள் பறிபோயின. அதே ஆண்டு ஜூன் 4ஆம் நாள் பெங்களூரில் கிரிக்கெட் வெற்றிவிழாவைக் காணத் திரண்ட கூட்டத்தில் 11 பேர் இறந்தனர். கைப்பேசி வழியே அழைப்பு ஒரு நொடியில் நகரெங்கும் பரவுகிறது. ஆனால் வாயிற்கதவின் அகலம் அழைப்புக்கேற்ப விரிவதில்லை.

1995 டிசம்பர் 23ஆம் நாள், ஹரியானாவின் டப்வாலியில், ஒரு பள்ளி விழாவின் பந்தலில் தீப்பற்றி 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். செயற்கை இழைத் துணி உருகிக் கீழே ஒழுகியது. வெளியேற வழி குறுகியிருந்தது. 2004 ஜனவரி 23ஆம் நாள், ஸ்ரீரங்கத்தில், ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுக் கொட்டகையில் வீடியோ படப்பிடிப்புக்கான மின்னிணைப்பிலிருந்து தீ கிளம்பியது. மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். ஒன்றில் பருத்திச் சாமியானாவின் இடத்தைப் புதிய துணி பிடித்தது. மற்றொன்றில் பழைய கீற்றின் அடியில் புதிய விளக்கு வந்தது. கீற்றுப் பந்தல் தலைமுறை தலைமுறையாக நம்மோடு இருந்தது. அதனடியில் அத்தகைய வெப்பம் அதற்குமுன் இருந்ததில்லை. புதுமை தனியே வரும்போது அதன் இயல்பை ஆராய்கிறோம். பழமையோடு அது சேரும்போது என்ன நிகழும் என்பதை ஆராயத் தவறுகிறோம். தற்காலிகப் பந்தல்களின் தீப்பாதுகாப்புக்கு இந்தியத் தர நிர்ணய நிறுவனம் விதிமுறைகள் வகுத்துள்ளது. பெருங்கூட்டங்களை நிர்வகிப்பது குறித்துத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014இல் வழிகாட்டி நூலொன்று வெளியிட்டது. விழா நிபுணர் எனப்படுவோர் புதிய அலங்காரப் படங்களைப் புரட்டுவதற்கு முன் இவற்றைப் புரட்டவேண்டும். இதுவும் காலத்தோடு ஒத்து நடப்பதே.

இவ்வரலாற்றிலிருந்து நம் சங்கங்கள் எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உண்டு. அடுத்த பொங்கல் விழாவுக்குக் குழு கூடும்போது, எந்த ஊரில் எவ்வகை மேடை போட்டார்கள் என்ற பேச்சு முதலில் எழுவது இயல்பு. அப்பேச்சுக்கு முன், வருவோர் எத்தனை பேர், அவர்களில் முதியோர் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுப்போமாக. வெளியேறும் வழிகள் எத்தனை, அவற்றை நாற்காலிகள் அடைக்கின்றனவா என்று ஒருவர் நடந்தே பார்க்கட்டும். மின்னிணைப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, அப்பொறுப்பு வேறொருவர் தலையில் நழுவிவிடாதபடி பெயர் எழுதி வைப்போமாக. அழைப்பிதழைத் தமிழில் அழகுற அச்சிடுவதோடு, நாம் வாழும் ஊரின் மொழியிலும் அச்சிடுவோமாக. அண்டை வீட்டாரும் நம் பந்தியில் அமர்ந்து பொங்கல் உண்ணட்டும். 1901இல் நம்மவர் கட்டிய தட்டிகளை நாம் அவ்வாறே அவிழ்க்க முடியும்.

புதுக்கருவி வந்தால் வரவேற்போம். அது கடைசி வரிசையில் இருப்பவருக்கு என்ன தருகிறது என்று கேட்டு வரவேற்போம். ஹரிபுராவின் ஓவியர் உழவரையும் தச்சரையும் எண்ணி வரைந்தார். பெல்காமில் கிணறு வெட்டியவர்கள் வருவோரின் தாகத்தை எண்ணி வெட்டினர். தம் காலத்தை அறிந்து விழா அமைத்தோர் அவர்களே. விழா முடிந்து விளக்கணைந்தபின், வந்தவர் அனைவரும் நலமே வீடு சேர்ந்தனர் என்ற செய்தி கிடைக்கும் வரை, அமைப்பாளரின் பணி முடிந்துவிடுவதில்லை.